உயர்நிலை மூன்றில் மூச்சு முட்டுகிறது: இன்னொரு டியூஷனா, ஒரு பாடம் குறைவா?

சிங்கப்பூரில் மார்ச் விடுமுறை முடிந்து இரண்டாம் தவணை தொடங்கும்போது இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும். புளோக் கீழ்த்தளத்தில் பார்க்கிறவர், கோயில் அன்னதான வரிசையில் பின்னால் நிற்கிறவர், வாட்ஸாப் குழுவில் இரவு 11 மணிக்குத் தட்டுகிறவர், எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: "அக்கா, பிள்ளை ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் உட்கார்ந்திருக்கு. ஆனா மார்க் வரலை. இன்னொரு டியூஷன் போட்டுடலாமா?"

நானும் அப்படிக் கேட்டவள்தான். மூத்தவன் உயர்நிலை மூன்றில் (ஒன்பதாம் வகுப்பு) இருந்தபோது கணக்குக்கு ஒன்று, வேதியியலுக்கு ஒன்று என்று இரண்டு டியூஷன் ஓடிக்கொண்டிருந்தது. மதிப்பெண் ஏறவில்லை என்று ஆங்கிலத்துக்கும் ஒன்றைச் சேர்த்தேன். ஒரு புதன்கிழமை இரவு தண்ணீர் குடிக்க எழுந்தால், அவன் மேசையிலேயே தூங்கிப்போயிருந்தான். மைலோ ஆறி ஆடை கட்டியிருந்தது. பயிற்சித்தாள் கன்னத்தில் ஒட்டியிருந்தது. தோளைத் தொட்டதும் பதறி எழுந்தவன் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இது ஸ்கூல் வேலையா, சென்டர் வேலையா?" அவனுக்கே தெரியவில்லை.

இப்போது சின்னவள் உயர்நிலை மூன்று. அதே மேசை, அதே விளக்கு. இந்தமுறை இன்னொரு டியூஷனுக்கு ஃபோன் போடுவதற்கு முன் கையில் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன். என்னைக் கேட்கிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

எதை வைத்து அளப்பது?

முதல் கேள்வி, பிள்ளையை அழுத்துவது பாரமா, புரியாமையா? இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டிலும் விளக்கு அணைய நள்ளிரவாகும்.

இதைக் கண்டுபிடிக்க நாங்கள் செய்தது மிகச் சின்ன வேலை. ஒரு பழைய நோட்டில் நான்கு பத்தி: பாடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், முட்டிய இடம். இரண்டு வாரம் அவளே எழுதினாள். நான் எட்டிப் பார்க்கவில்லை (சரி, இரண்டு முறை பார்த்தேன்). முதல் வாரம் பள்ளி வீட்டுப்பாடம் ஒன்பதரை மணி நேரம். ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் கணக்கு சென்டர் கொடுத்தது இரண்டரை மணி நேரம். பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பீசா ஆய்வில், 2012ல், சிங்கப்பூரின் 15 வயதுப் பிள்ளைகள் ஆசிரியர் கொடுக்கும் வீட்டுப்பாடத்துக்குச் செலவழித்தது வாரத்துக்குச் சராசரி 9.4 மணி நேரம். ஆய்வில் சேர்ந்த நாடு, நகரங்களில் அப்போதே அது மூன்றாவது இடம். ஆக, எங்கள் பள்ளி மட்டும் அளவுக்கு மீறிக் கொடுக்கிறது என்று சண்டைக்குப் போக எனக்கு வழியில்லை.

விஷயம் நான்காம் பத்தியில் இருந்தது. ஏ-மேத்ஸுக்கு (கூடுதல் கணிதம்) போன நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் வெறும் உட்கார்ந்திருத்தல். "தொடக்கமே தெரியலை" என்று அடுத்தடுத்து எழுதியிருந்தாள். புவியியலும் வரலாறும் சீராக ஓடியிருந்தன. அவளுக்கு எல்லாப் பாடமும் பாரமாக இல்லை. ஒரே ஒரு பாடம் மற்றவற்றின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது.

இரண்டாவது அளவுகோல் உண்மையான நேரம். "வாரம் இரண்டு மணி நேரம்தான்" என்பார்கள். அதோடு பேருந்துப் பயணத்தையும் அங்கே கொடுக்கும் வீட்டுப்பாடத்தையும் கூட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, தூக்கம். பதின்ம வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. 7.30 மணிக்குப் பள்ளி, 5.45க்கு எழ வேண்டும் என்றால் 9.45க்குப் படுத்தால்தான் எட்டு மணி நேரம். நம் வீடுகளில் 9.45 என்பது சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கும் நேரம். 2016ல் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி தொடக்க நேரத்தை 7.30லிருந்து 8.15க்கு மாற்றியபோது டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் கூடவே இருந்து பார்த்தார்கள். மாணவிகள் முன்பைவிடக் கூடுதலாகத் தூங்கினார்கள். கிடைத்த நேரம் முழுக்க ஃபோனில் கரைந்துவிடவில்லை. பள்ளி மணியை நாம் மாற்ற முடியாது. இரவு டியூஷன் எத்தனை மணிக்கு முடிகிறது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

நான்காவது பணம். ஐந்தாவது, பலர் யோசிக்காதது: எடுத்த முடிவிலிருந்து திரும்பி வர முடியுமா?

ஒரே பார்வையில்

| வழி | ஒரு பாடத்துக்கு மாதச் செலவு | வாரத்தில் கூடும் நேரம் | திரும்பி வருவது |
|---|---|---|---|
| வீட்டுக்கு வரும் ஆசிரியர் | சுமார் 180–500 வெள்ளி | 1½–2 மணி | எளிது |
| டியூஷன் சென்டர் | சுமார் 200–400 வெள்ளி | 4–5 மணி (பயணம், அவர்கள் தரும் பாடம் உட்பட) | எளிது, முன்பணம் மாட்டலாம் |
| சிண்டா (இந்தியர் சுயஉதவி அமைப்பு) வகுப்பு | மிகக் குறைவு | 2–3 மணி | எளிது |
| பாடத்தை இறக்குவது, விடுவது | இல்லை | குறையும் | கடினம் |
| பள்ளியிலேயே கேட்பது | இல்லை | ½–1 மணி | கேள்வியே இல்லை |

கட்டணம் நான் இந்த ஆண்டு நான்கைந்து இடங்களில் விசாரித்தது. வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும்.

வீட்டுக்கு வரும் ஆசிரியர்

முட்டிய இடம் தெளிவாகத் தெரிந்த பிள்ளைக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. "தொடக்கமே தெரியலை" என்கிற பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பேனா எந்த வரியில் நிற்கிறது என்று பார்க்க இருபது பேர் வகுப்பில் யாராலும் முடியாது. பல்கலைக்கழக மாணவர் என்றால் மணிக்கு 30 வெள்ளி அளவில் கிடைப்பார்கள். பள்ளியில் பாடம் நடத்தியவர்கள் 80 வெள்ளியும் அதற்கு மேலும் கேட்கிறார்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் உண்டு. கூடத்தில் மேசை போட்டால் ஒன்றரை மணி நேரம் தொலைக்காட்சி கிடையாது, தாத்தாவுக்குக் கோபம். பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஏப்ரலிலும் நவம்பரிலும் அவர்களுடைய தேர்வு வந்துவிடும். நமக்கு வேண்டிய நேரத்தில் ஆள் இருக்க மாட்டார். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, பிள்ளை பள்ளி வீட்டுப்பாடத்தைச் சேர்த்துவைத்து அவர் வந்ததும் முன்னால் வைக்கத் தொடங்குவது. அதன்பிறகு அவர் ஆசிரியராக இல்லை, கூலிக்கு வீட்டுப்பாடம் செய்கிறவராகிவிடுகிறார். அதனால் முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள்: புதிய பயிற்சித்தாள் வேண்டாம், முட்டிய இடத்தை மட்டும் பாருங்கள், மூன்று மாதம் போதும்.

டியூஷன் சென்டர்

2023 குடும்பச் செலவினக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்க் குடும்பங்கள் அந்த ஓராண்டில் துணைப்பாட வகுப்புகளுக்குச் செலவழித்தது 180 கோடி வெள்ளி. ஐந்தாண்டுகளுக்கு முந்தைய கணக்கெடுப்பில் அது 140 கோடி. நடுவில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். கல்வி அமைச்சு அரையாண்டுத் தேர்வுகளைப் படிப்படியாக எடுத்து, 2023க்குள் தொடக்கநிலை, உயர்நிலை எல்லா வகுப்புகளிலும் நிறுத்திவிட்டது. பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கட்டும் என்று. அந்த இடத்தை நாம்தான் நிரப்பினோம்.

சென்டருக்குப் போவதால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். வீட்டில் தனியாக உட்கார்ந்தால் ஃபோனை நோண்டும் பிள்ளை, நாலு பேர் எழுதும் இடத்தில் தானும் எழுதும். உயர்நிலை நான்கில், புரிதல் இருந்தும் தேர்வு வேகம் இல்லாத பிள்ளைக்கு வாராவாரம் நேரம் வைத்து எழுதும் பழக்கம் நல்லது. இவை இரண்டும்தான் நான் சென்டரைச் சொல்லும் சூழல்.

மற்றவர்களுக்கு நான் தயங்குவது பாரத்தின்மேல் பாரம் ஏற்றுவதால். பதிவுக் கட்டணம், பாடப்பொருள் கட்டணம், முன்பணம் எல்லாம் விளம்பரத்தில் சின்ன எழுத்தில்தான் இருக்கும். பல சென்டர்கள் பள்ளிக்கு ஒரு மாதம் முன்னால் ஓடும். பிள்ளை பள்ளியில் ஒரு பாடம், சென்டரில் வேறு பாடம் என்று ஒரே வாரத்தில் இரண்டையும் சுமக்கும். மூத்தவன் போன இடத்தில் நான் ஒருமுறை கேட்டேன்: "வீட்டுப்பாடம் மட்டும் கொடுக்காம இருக்க முடியுமா?" அங்கிருந்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாங்க குறைச்சா பெற்றோர் வேற சென்டர் பார்க்கிறாங்கம்மா." அவர் சொன்னது பொய்யில்லை. முதல் பிள்ளைக்கு சென்டர் தேடியபோது, எவ்வளவு தாள் கொடுக்கிறார்கள் என்றுதான் நானும் விசாரித்தேன்.

சிண்டா வகுப்பு

நம் சம்பளச் சீட்டில் மாதாமாதம் ஒரு வெள்ளியிலிருந்து முப்பது வெள்ளி வரை, வருமானத்துக்கேற்ப, சிண்டா என்று ஒரு பிடித்தம் இருக்கும். 1991லிருந்து இயங்கும் அமைப்பு. அதன் ஸ்டெப் துணைப்பாட வகுப்புகள் தீவின் பல பகுதிகளில் நடக்கின்றன. "அது கஷ்டப்படுற குடும்பத்துக்குத்தானே" என்று சிலர் ஒதுங்குவார்கள். அந்த வெட்கம் தேவையில்லாதது. நம் பணமும் அதில் இருக்கிறது.

அடிப்படை ஆட்டம் காணும் பிள்ளைக்கு, அதாவது தேர்ச்சிக்கும் தோல்விக்கும் நடுவில் நிற்கும் பிள்ளைக்கு, இது நன்றாகப் பொருந்தும். வீட்டுக்குப் பக்கத்தில் வகுப்பு இருந்தால் இரட்டை லாபம். ஏற்கெனவே நல்ல மதிப்பெண் வாங்கி, ஏ-மேத்ஸின் கடினமான கணக்குகளில் மட்டும் தடுமாறும் பிள்ளைக்கு வேகம் போதாமல் போகலாம். நமக்குத் தோதான நாளும் இடமும் அமையாமலும் போகலாம். பதிவு தொடங்கும் நேரத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பாடத்தை இறக்குவது அல்லது விடுவது

நம்மவர்கள் பேசவே பயப்படும் வழி. "கீழே இறக்குறதா? சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க?" என்று என் அண்ணியே கேட்டார். அவர் மனத்தில் இருப்பது எக்ஸ்பிரஸ், நார்மல் என்று பிள்ளையின் நெற்றியில் ஒட்டிய காலம். 2024ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து அந்தப் பிரிவுகள் இல்லை. இப்போது பாடங்களுக்குத்தான் ஜி1, ஜி2, ஜி3 என்று நிலை (ஜி3தான் கடினமானது). ஒரே பிள்ளை கணக்கை ஜி2விலும் ஆங்கிலத்தை ஜி3யிலும் படிக்கலாம். இந்த அணிதான் 2027ல் சாதாரண நிலை, வழக்கநிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக வரும் எஸ்இசி என்கிற உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வை முதன்முதலில் எழுதப்போகிறது.

மேற்படிப்புச் சேர்க்கைக் கணக்கு மாறியிருப்பதைப் பாருங்கள். தொடக்கக் கல்லூரிக்கு (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) இதுவரை ஆறு பாடங்களைக் கூட்டினார்கள். 2028 சேர்க்கையிலிருந்து எல்1ஆர்4, அதாவது முதல்மொழி ஒன்று, தொடர்புடைய பாடம் நான்கு என்று ஐந்து பாடம்தான். மொத்தம் 16 புள்ளிக்குள் இருக்க வேண்டும் (புள்ளி குறையக் குறைய நல்லது). பலதுறைத் தொழிற்கல்லூரியின் முதலாண்டுச் சேர்க்கையில், எண்ணப்படும் ஐந்து பாடங்களில் ஒன்று ஜி2 நிலையில் இருக்கலாம். எட்டுப் பாடம் சுமக்கும் பிள்ளைக்கு அந்த எட்டாவது பாடம் உண்மையிலேயே தேவையா என்று கேட்க இப்போது இடம் கிடைத்திருக்கிறது.

ஆனால் எந்தப் பாடம் என்பதில்தான் மறைந்திருக்கும் செலவு. ஏ-மேத்ஸை விட்டால், தொடக்கக் கல்லூரியில் எச்2 கணிதம் என்கிற கனமான பாடத்தை எடுப்பது பெரும்பாடு. அந்தப் பாடத்திட்டமே ஏ-மேத்ஸ் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. பொறியியல், கணினி, பொருளியல் என்று யோசிக்கும் பிள்ளை அவசரப்படக்கூடாது. வடிவமைப்பு, ஊடகம், சமூகப்பணி என்று மனம் போகும் பிள்ளையை, வாரம் நான்கு மணி நேரம் தின்னும் பாடத்தோடு ஏன் கட்டிவைக்க வேண்டும்?

இன்னொன்று, எனக்கு வருத்தம் தருவது. பாரம் என்றதும் முதலில் கழற்றிவிடுவது உயர்தமிழைத்தான். பள்ளியில் தமிழாசிரியர் இல்லாத பிள்ளைகள் பள்ளி முடிந்து பேருந்து ஏறி பீட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் வரை போய்த் திரும்பும் நேரத்தைப் பார்த்தால் அந்த ஆசை புரிகிறது. ஆனாலும் நோட்டில் எழுதிப் பாருங்கள். வீட்டில் தமிழ் புழங்கும் பிள்ளைக்கு உயர்தமிழ் எழுத்துவேலை ஏ-மேத்ஸ் போல முட்டுவதில்லை. தொடக்கக் கல்லூரிச் சேர்க்கையில் அதற்குப் போனஸ் புள்ளி உண்டு. தேர்ச்சி பெற்றால் கல்லூரியில் தாய்மொழிப் பாடத்தைத் தனியாக எழுத வேண்டியதும் இல்லை. இன்று வாரம் இரண்டு மணி நேரம் மிச்சம் பிடித்துவிட்டு, அந்த வேலையைக் கல்லூரிக்குத் தள்ளிவைக்கிறோம், அவ்வளவுதான். தமிழ் வீட்டில் அறவே பேசாத பிள்ளையின் நிலை வேறு. அங்கே நான் வற்புறுத்தமாட்டேன்.

பாடத்தை இறக்கினால் மறுபடி ஏறுவது எளிதில்லை. பள்ளியின் ஒப்புதல் வேண்டும், நினைத்த மாதத்தில் நடக்காது. அதனால் மற்ற வழிகளைப் பார்த்தபிறகு எடுக்க வேண்டிய முடிவு இது. முதலில் இரண்டு தவணை நோட்டு எழுதுங்கள்.

பள்ளியிலேயே கேட்பது

காசு கேட்காத வழி என்பதாலேயே யாரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. பள்ளி முடிந்தபின் பாட ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கும் நேரம் பெரும்பாலான பள்ளிகளில் உண்டு. பிள்ளைகள் "கன்சல்ட்" என்பார்கள். பிரச்சினை என்னவென்றால், சும்மா போய் நின்றால் ஆசிரியர் "எது புரியலை?" என்பார். பிள்ளை "எல்லாமே" என்று சொல்லித் தலைகுனியும். நான்காம் பத்தி இருந்தால் கதை மாறும். சின்னவள் முதல்முறை போனபோது மூன்று கணக்கின் எண்ணை மட்டும் தாளில் எழுதிக்கொண்டு போனாள். இருபது நிமிடத்தில் திரும்பிவிட்டாள். அவளுக்கு முட்டியது ஏ-மேத்ஸே இல்லையாம். உயர்நிலை இரண்டின் காரணிப்படுத்தலில் இருந்த ஓட்டை.

வகுப்புக்குப் பொறுப்பான படிவ ஆசிரியரிடமும் பேசலாம். வீட்டுப்பாடத்தை எல்லாப் பாட ஆசிரியர்களும் ஒரே நாளில் குவிக்காமல் ஒருங்கிணைக்கப் பள்ளிகளுக்கென்று நடைமுறை இருக்கிறது. "ரொம்ப அதிகம்" என்று புகார் சொல்லாமல், "வியாழக்கிழமைக்கு நான்கு பாடம் வந்து விழுகிறது" என்று நோட்டைக் காட்டினால் கேட்கிறார்கள்.

இதன் குறை, கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இது மலை ஏறுவது மாதிரி. ஆசிரியருக்கும் நேரம் கொஞ்சம்தான். ஆறு வாரம் போயும் அசைவு இல்லை என்றால் வீட்டுக்கு வரும் ஆசிரியரைப் பாருங்கள்.

விளையாட்டு, கலை போன்ற இணைப்பாட நடவடிக்கையை நிறுத்தலாமா என்றும் கேட்கிறார்கள். உயர்நிலையில் அது கட்டாயம். கட்டாயமாக இல்லாவிட்டாலும் நான் தொடமாட்டேன். வாரத்தில் சின்னவள் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவது அந்த இரண்டு நாள்தான்.

இந்த ஐந்திலும் அடங்காதது

2015 பீசா ஆய்வில், நன்றாகத் தயார் செய்திருந்தாலும் தேர்வு என்றால் மிகுந்த பதற்றம் என்று சொன்ன சிங்கப்பூர் மாணவர்கள் 76 விழுக்காடு. வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஇசிடியின் சராசரி 55. "நன்றாகத் தயார் செய்திருந்தாலும்" என்பதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். டியூஷன் கொடுப்பது தயாரிப்புதான். பதற்றம் அதற்குக் கட்டுப்படுவதில்லை. பிள்ளை சாப்பாட்டைத் தள்ளுகிறது, காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுக்கிறது, "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" போல ஏதாவது சொல்கிறது என்றால் இந்த ஒப்பீட்டை மூடிவைத்துவிட்டு பள்ளி ஆலோசகரைப் பாருங்கள். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி எண் 1771, தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் எண் 1767. இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன.

எங்கள் வீட்டில் இப்போதைக்கு முடிவு இதுதான்: கணக்கு சென்டரை ஜூனோடு நிறுத்துகிறோம். வாரம் இரண்டு கன்சல்ட். ஏ-மேத்ஸை விடுவதா என்பதை ஆண்டிறுதித் தேர்வுக்குப் பிறகு அவளே சொல்லட்டும். முந்தாநாள் நோட்டைப் புரட்டினேன். செவ்வாய்க்கிழமை ஏ-மேத்ஸ் வரியில் நான்காம் பத்தி காலியாக இருந்தது. ஆசையாகக் கேட்டேன், "எங்கேயும் முட்டலியா?"

"எழுத மறந்துட்டேன்மா" என்றாள்.